மூச்சுக் கருவியைப் பரணில் போடுமுன் ஒரு வார்த்தை!
குறட்டைக்காரர்களும் அவர்கள் வீட்டாரும் அறிய வேண்டிய விவரங்கள்

டோம்பிவிலியில் இறங்க வேண்டியவர் டிட்வாலாவில் இறங்கினார். ஒரு நாள் அல்ல, ஒரே மாதத்தில் நான்கு நாட்கள்!

தாதரில் ஒரு தனியார் லாரி சர்வீஸ் கம்பெனியில் குமாஸ்தாவாக இருப்பவர் அவர். வயது 48. திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து வந்து மும்பையில் 25 ஆண்டுகள் ஆகின்றன. மாலையில் காசாரா லோக்கலில் ஏறுவார். தாணேயில் உட்கார இடம் கிடைத்துவிட்டால் போதும், தலை சாய்ந்துவிடும். டோம்பிவிலியும் கல்யாணும் போவது தெரியாது. கூட வருகிறவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு அவர்களே தட்டி எழுப்பி இறக்கிவிடத் தொடங்கினார்கள்.

ஆபீசில் நடந்தது சிரிக்கிற விஷயமாக இல்லை. பில் எழுதிக்கொண்டே கண் அசந்துபோய், ஒரு வாடிக்கையாளர் கணக்கில் சைபர் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவிட்டார். முதலாளி கூப்பிட்டு எச்சரித்தார். "ராத்திரி முழுக்கத் தூங்கத்தான் செய்கிறேன், பகலில் ஏன் இப்படி வருகிறது?" என்பது அவருக்கே விளங்காத புதிராக இருந்தது.

புதிரை விடுவித்தவர் அவர் மனைவி. "நீங்க எங்க தூங்குறீங்க? குறட்டை விட்டுக்கிட்டே இருக்கீங்க. திடீர்னு மூச்சு நின்னுபோகுது. அப்புறம் தண்ணிக்குள்ள இருந்து வெளிய வந்த மாதிரி ஒரு இழுப்பு இழுக்கீங்க. நான் தூங்காம ஒங்க நெஞ்சையே பாத்துக்கிட்டு கிடக்கேன்" என்றார் அந்த அம்மாள். டாக்டரிடம் அழைத்துப் போனவரும் அவர்தான்.

வியாதி என்ன?

டாக்டர்கள் இதற்கு 'அப்ஸ்ட்ரக்டிவ் ஸ்லீப் ஆப்னியா' என்று பெயர் சொல்கிறார்கள். தூக்கத்தில் ஏற்படும் மூச்சுத் தடை என்று நாம் சொல்லலாம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன. சிலருக்கு அந்தத் தசைகளும் நாக்கின் அடிப்பாகமும் சரிந்து காற்றுப் பாதையை அடைத்துக்கொள்கின்றன. நெஞ்சு மூச்சு இழுக்க முயல்கிறது, ஆனால் காற்று உள்ளே போகவில்லை. ரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. மூளை அபாயத்தை உணர்ந்து ஆளை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. தொண்டை திறந்து மூச்சு வந்ததும் மறுபடி தூக்கம், மறுபடி அடைப்பு. காலையில் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது. அசதி மட்டும் மிச்சம்.

குறைந்தது 10 விநாடி நீடிக்கும் தடைகள் மணிக்கு எத்தனை தடவை வருகின்றன என்று கணக்கெடுக்கிறார்கள். ஐந்துக்குக் கீழே என்றால் கவலை இல்லை. 5 முதல் 15 வரை லேசானது. 15 முதல் 30 வரை நடுத்தரம். 30க்கு மேல் கடுமையானது. நமது குமாஸ்தாவுக்கு வந்த எண்ணிக்கை 38.

இதைச் சாதாரணக் குறட்டை என்று விட்டுவிடக் கூடாது. ரத்த அழுத்தம், இருதய நோய், பக்கவாதம் ஆகியவற்றுடன் இதற்குத் தொடர்பு உண்டு. இந்தி சினிமா இசையமைப்பாளர் பப்பி லாஹிரி 2022 பிப்ரவரியில் மும்பையில் காலமானபோது, அவருக்குச் சிகிச்சை அளித்த டாக்டர் காரணமாகச் சொன்னது இந்த வியாதியைத்தான்.

வாகனம் ஓட்டுகிறவர்களுக்கு வந்தால் ஆபத்து அவரோடு நிற்பதில்லை. 2013 டிசம்பர் 1-ந் தேதி நியூயார்க் நகரில் ஒரு பயணிகள் ரயில், மணிக்கு 48 கிலோ மீட்டர் வேகத்தில் போக வேண்டிய வளைவில் 132 கிலோ மீட்டர் வேகத்தில் புகுந்து தடம் புரண்டது. நான்கு பேர் மாண்டனர். டிரைவர் கண் அசந்திருந்தார் என்றும், அவருக்குக் கண்டுபிடிக்கப்படாத ஸ்லீப் ஆப்னியா இருந்தது என்றும் விசாரணையில் தெரியவந்தது.

எட்டு நாளில் பரணுக்குப் போனது

டாக்டர் எழுதிக் கொடுத்தது 'சீபாப்' என்ற மூச்சுக் கருவி. ஆபீஸ் சொசைட்டியில் கடன் வாங்கி, மனைவியின் சேமிப்பையும் சேர்த்து, ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து அதை வாங்கினார். கடைப் பையன் வீட்டுக்கு வந்து பத்து நிமிஷம் விளக்கிவிட்டுப் போய்விட்டான்.

முதல் இரவு முகமூடியை மாட்டியதும் காற்றே வராதது போல் திணறல். கொஞ்ச நேரம் பொறுத்தால், மூச்சை வெளியே விட முடியாதபடி எதிர்க்காற்று. மூன்றாம் நாள் மூக்கும் தொண்டையும் வறண்டு எரிந்தன. ஐந்தாம் நாள் காற்று ஒழுகிக் கண்ணில் அடித்தது. வாரை இறுக்கியதில் மூக்குத் தண்டில் புண். ஒன்பதாம் நாள் கருவி பரணுக்குப் போனது. "அம்பதாயிரத்தைப் பரணில் தூக்கிப் போட்டாச்சு" என்று அவர் மனைவி அழுதார்.

இந்தக் கதை அவர் ஒருவருடையது அல்ல. கருவி வாங்கிய பலர் முதல் சில வாரங்களிலேயே அதை ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் காரணம் கருவியின் கோளாறு அல்ல. அவரவர் உடம்புக்கும் வீட்டுக்கும் ஏற்றபடி அதைத் திருத்தி வைக்காததுதான்.

கருவி என்ன செய்கிறது?

சீபாப் கருவி பிராணவாயு கொடுக்கும் சிலிண்டர் அல்ல. மூச்சை இழுத்து விடுகிற வேலையையும் அது செய்வதில்லை. அறைக் காற்றையே லேசான அழுத்தத்தில் மூக்கு வழியே செலுத்துகிறது. துவண்டு கிடக்கும் சைக்கிள் டியூபில் காற்று புகுந்ததும் அது விரிந்து நிற்பது போல, தொண்டை மூடாமல் திறந்து நிற்கிறது.

இதைக் கண்டுபிடித்தவர் ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன். 1980-ல் சிட்னியில் ஒரு நோயாளிக்கு முதன்முதலாக இதைப் பயன்படுத்தினார். 1981-ல் 'லான்செட்' மருத்துவப் பத்திரிகையில் விவரம் வெளியிட்டார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளை போடும் ஆபரேஷன்தான் வழி. ஆரம்ப நாட்களில் முகமூடியை இரவுதோறும் பசை தடவி மூக்கில் ஒட்டினார்களாம். அதோடு பார்த்தால் இன்றைய கருவி எவ்வளவோ சௌகரியமானது.

அழுத்தத்தை 'சென்டிமீட்டர் நீர்' என்ற அளவில் சொல்வார்கள். ஒரு பாத்திரத் தண்ணீரில் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழாயை விட்டு ஊதினால், குமிழி வருவதற்கு எவ்வளவு அழுத்தம் வேண்டுமோ அதுதான் 10. சாதாரணமாக இந்தக் கருவிகள் 4 முதல் 20 வரை தரும். யாருக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் தீர்மானிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரருக்கு 8 வைத்திருக்கிறார்கள் என்று நாமும் 8 வைக்கக் கூடாது. சிகிச்சை அழுத்தம் மருந்தின் அளவைப் போன்றது. அதைத் தவிர மற்ற சௌகரிய அமைப்புகளை மாற்றிக்கொள்ள இடம் உண்டு. அவற்றில் சிலவற்றை நாமே மாற்றலாம். சிலவற்றை ஆஸ்பத்திரி டெக்னீஷியன் மாற்றித் தருவார்.

பரணிலிருந்து இறங்கியது

குமாஸ்தாவின் மனைவி சும்மா இருக்கவில்லை. கருவியைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கே போனார். தூக்கப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கருவியில் பதிவாகியிருந்த கணக்கைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, எட்டு நாளும் சேர்த்துப் பார்த்தா ராத்திரிக்கு ரெண்டு மணி நேரம்கூடப் போடல. மெஷின் மேல குத்தம் இல்ல. பொட்டியில இருந்து எடுத்த மாதிரியே வச்சிருக்கீங்க. ஒரு சட்டை வாங்கினாக்கூட நமக்குத் தக்கன பிடிச்சுத் தைக்கோம்லா?" என்றார்.

பிறகு ஒவ்வொன்றாகச் சரி செய்தார். அவர் சொன்ன விவரங்கள் எல்லோருக்கும் உபயோகப்படும்.

1. மெதுவாக ஏறும் அழுத்தம்

இதற்கு 'ராம்ப்' என்று பெயர். சுவிட்சைப் போட்டதும் முழு அழுத்தமும் முகத்தில் மோதாமல், குறைந்த அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறும். பல கருவிகளில் 5 முதல் 45 நிமிஷம் வரை நேரம் வைக்கலாம். சிலவற்றில் 'ஆட்டோ' என்று உண்டு. ஆள் தூங்கிவிட்டார் என்று கருவி உணர்ந்த பிறகுதான் அழுத்தம் ஏறும்.

நிறையப் பேர் தவறாக நினைப்பது இங்கேதான். தொடக்க அழுத்தம் எவ்வளவு குறைவோ அவ்வளவு சுகம் என்று எண்ணுகிறார்கள். அது எல்லோருக்கும் பொருந்தாது. 4-ல் தொடங்கினால் காற்று போதாமல் திணறுகிறவர்கள் பலர். நமது குமாஸ்தாவின் முதல் நாள் திணறலுக்கு இதுவே காரணம். தொடக்கத்தை 6 ஆக்கி, நேரத்தை 45 நிமிஷத்திலிருந்து 15 நிமிஷமாகக் குறைத்ததும் திணறல் நின்றது. படுத்ததும் தூங்கிவிடுகிறவருக்கு நீண்ட நேரம் வைப்பதும் நல்லதல்ல. அழுத்தம் ஏறி முடிவதற்குள் தொண்டை அடைக்கத் தொடங்கிவிடும்.

தானாக அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் 'ஆட்டோ' வகைக் கருவி வைத்திருப்பவர்கள், குறைந்தபட்சமும் அதிகபட்சமும் என்ன வைக்கப்பட்டிருக்கிறது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். கம்பெனியிலிருந்து வந்தபடி 4 முதல் 20 என்று திறந்து கிடந்தால், அவரவர் தேவைக்கேற்ப அதைக் குறுக்கிக் கொடுப்பார்.

2. மூச்சு விடும்போது தளர்வு

இதை ஒரு கம்பெனி 'ஈ.பி.ஆர்.' என்கிறது; இன்னொன்று 'ஃப்ளெக்ஸ்' என்கிறது. வேலை ஏறக்குறைய ஒன்றே. மூச்சை வெளியே விடும் நேரத்தில் மட்டும் கருவி கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். ஈ.பி.ஆரில் 1, 2, 3 என்று மூன்று படிகள். அழுத்தம் 11 இருந்து, தளர்வு 3 வைத்தால், மூச்சு விடும்போது 8 ஆகும். எதிர்க்காற்றில் மூச்சு விடுவது போன்ற கஷ்டம் குறையும். வயிற்றில் காற்று புகுந்து உப்புசம் வருகிறவர்கள் சிலருக்கும் இதனால் நிவாரணம் உண்டு.

ஆனால் இதிலும் ஒரு எச்சரிக்கை. மூச்சு விடும்போது அழுத்தம் குறைவதால் சிலருக்கு மறுபடி அடைப்பு தலைகாட்டலாம். மாற்றிய பிறகு காலையில் திரையில் தெரியும் எண்ணிக்கையைப் பார்க்க வேண்டும். அது ஏறுமுகமாக இருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். குமாஸ்தாவுக்கு 2 போதுமானதாக இருந்தது.

3. ஈரமும் சூடும்

கருவியோடு சேர்ந்த தண்ணீர்த் தொட்டிக்கு 'ஹியூமிடிஃபயர்' என்று பெயர். அது தண்ணீரைச் சூடாக்கிக் காற்றுக்கு ஈரம் சேர்க்கும். மூக்கு வறட்சி, மூக்கடைப்பு, காலையில் தொண்டை எரிச்சல் இருந்தால் ஈரத்தை ஒரு படி கூட்ட வேண்டும். ஏ.சி. அறையில் படுப்பவருக்கு அதிகம் தேவைப்படும். மும்பையின் ஜூலை மாத மழையில், மின்விசிறிக்குக் கீழே படுப்பவருக்குக் குறைவாகவே போதும். டெல்லியில் இருப்பவர் குளிர்காலத்தில் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். ஒரு தடவை வைத்ததை வருஷம் முழுக்க அப்படியே விட வேண்டும் என்று சட்டம் இல்லை.

ஈரம் அதிகமானால் வேறு தொல்லை. விடிகாலைக் குளிரில் குழாய்க்குள் நீர் கோத்துக்கொண்டு, முகத்தில் சொட்டும். கடகடவென்று சத்தமும் வரும். அப்போது ஈரத்தை ஒரு படி குறைக்கலாம். சூடாகும் குழாய் இருந்தால் அதன் வெப்பத்தைக் கூட்டலாம். இல்லாவிட்டால் குழாயின் மேல் பழைய துணியைச் சுற்றி வைத்தாலே பெருமளவு நிற்கும்.

கருவியைத் தலைக்கு மேல் அலமாரியில் வைக்கக் கூடாது. தண்ணீர் முகமூடிப் பக்கம் வழியும். கட்டிலில் படுப்பவர் கட்டிலைவிடத் தாழ்ந்த ஸ்டூலில் வைக்க வேண்டும். ஒற்றை அறையில் பாய் விரித்துப் படுப்பவர் தரையிலேயே ஒரு பலகை போட்டு அதன்மேல் வைக்கலாம். ஆனால் தூசி அதிகம் ஏறும் என்பதால் ஃபில்டரை அடிக்கடி பார்க்க வேண்டும். தொட்டியில் காய்ச்சி வடித்த நீரே சிறந்தது. வெந்நீர் ஊற்றக் கூடாது. தொட்டியில் தண்ணீரோடு கருவியைத் தூக்கி நடக்கவும் கூடாது.

4. முகமூடிதான் பாதி வைத்தியம்

மூக்கை மட்டும் மூடுவது, மூக்குத் துவாரத்தில் மெத்தென்று பொருந்துவது, மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது என்று மூன்று வகை உண்டு. மூக்கால் மூச்சு விடுகிறவருக்கு முதல் இரண்டும் ஏற்றவை. தூக்கத்தில் வாய் திறந்துகொள்கிறவருக்கு மூன்றாவது தேவைப்படலாம். மீசை, தாடி வைத்திருப்பவர்கள் அதையும் சொல்லிப் பொருத்தமானதைக் கேட்க வேண்டும்.

உட்கார்ந்தபடி மாட்டி வாரை இறுக்குவது பெரிய தவறு. படுத்தால் முகத்தின் சதை நகர்ந்து கொடுக்கும். ஆகவே கருவியை ஓடவிட்டு, படுத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் புரண்டு பார்த்து வாரைச் சரி செய்ய வேண்டும். காற்று ஒழுகினால் உடனே இறுக்காமல், முகமூடியை லேசாக முன்னே இழுத்து மறுபடி பொருத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதிகமாக இறுக்கினால் புண் வரும், ஒழுக்கும் கூடும். முகமூடியில் உள்ள சிறு துளைகள் நாம் வெளியே விடும் காற்று போவதற்காக உள்ளவை. ஒழுகுகிறது என்று அவற்றை ஒருபோதும் அடைக்கக் கூடாது.

சில முகமூடிகளில் காந்தக் கொக்கி இருக்கும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவரும், அத்தகையவர் அருகில் படுப்பவரும் காந்தமில்லாத முகமூடியைக் கேட்டு வாங்க வேண்டும்.

பழைய கருவி வாங்குவோர் கவனத்துக்கு

விலைக்குப் பயந்து சிலர் பழைய கருவியை வாங்குகிறார்கள். 2021 ஜூனில் பிலிப்ஸ் கம்பெனி தன்னுடைய பல மாடல் கருவிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சத்தத்தைக் குறைக்க உள்ளே வைத்திருந்த நுரைப்பஞ்சு நாளடைவில் சிதைந்து, அதன் துகளும் வாயுவும் மூச்சோடு உள்ளே போகக்கூடும் என்பதே காரணம். எனவே பழைய கருவி என்றால் எந்த வருஷம், எந்த மாடல், திரும்பப் பெறும் பட்டியலில் உள்ளதா என்று பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். முகமூடியும் குழாயும் எப்படியும் புதிதாகவே இருக்க வேண்டும்.

முகமூடியின் மெத்தையை தினமும் லேசான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். தொட்டித் தண்ணீரை தினமும் மாற்ற வேண்டும். குழாயை வாரம் ஒரு முறை கழுவினால் போதும். கரண்ட் போகும் இடங்களில் இன்வெர்ட்டரில் ஓட்டுகிறவர்கள், அந்த நேரத்தில் தண்ணீர்ச் சூட்டை நிறுத்திவிட்டால் பேட்டரி அதிக நேரம் தாங்கும். அதிக மின்சாரம் தின்பது அந்தச் சூடுதான். செலவில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்குமா என்று அரசு ஊழியர்களும் ரயில்வே ஊழியர்களும் தங்கள் ஆபீசில் விசாரிப்பது நல்லது.

பழகுவது எப்படி?

முதல் நாளே ஏழு மணி நேரம் போட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். மாலையில் ரேடியோ கேட்டுக்கொண்டோ, பேப்பர் படித்துக்கொண்டோ அரை மணி நேரம் முகமூடியோடு உட்கார்ந்து பழகலாம். ஒரே நாளில் எல்லா அமைப்பையும் மாற்றக் கூடாது. ஒன்றை மாற்றி மூன்று நாள் பார்த்து, பிறகு அடுத்ததுக்குப் போக வேண்டும். மாற்றியதை ஒரு சின்ன நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தால், டாக்டரிடம் போகும்போது உதவும். இருதயம், நுரையீரல் நோய் உள்ளவர்கள் எதை மாற்றுவதானாலும் டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும்.

குமாஸ்தாவுக்கு எல்லாம் ஒத்து வர ஐந்து வாரம் ஆனது. நடுவே இரண்டு இரவு கோபத்தில் கழற்றி எறிந்ததும் உண்டு. இப்போது அவருடைய எண்ணிக்கை 38-லிருந்து 3-க்கு இறங்கியிருக்கிறது. சொசைட்டிக் கடனில் இன்னும் பதினொரு தவணை பாக்கி. ஆனால் வேலைக்கு வந்த ஆபத்து நீங்கிவிட்டது. முதலாளி மறுபடி பெரிய பில்களை அவரிடமே கொடுக்கிறார். டோம்பிவிலி வந்தால் யாரும் தட்டாமலே எழுந்து இறங்குகிறார்.

அவர் மனைவியிடம் கேட்டால் பதில் வேறு விதமாக வருகிறது. "முதல் ரெண்டு மூணு நாளு அந்த வீட்டுல குறட்டைச் சத்தமே இல்லாம, மூச்சு இருக்கா இல்லையான்னு நானே எந்திரிச்சுப் பாத்தேன். இப்ப எனக்கும் தூக்கம் வருது" என்கிறார்.

குறட்டை, தூக்கத்தில் மூச்சு நிற்பது, பகலில் அடக்க முடியாத தூக்கம் ஆகிய மூன்றும் சேர்ந்து இருப்பவர்கள் தாமதிக்காமல் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே கருவி வாங்கிப் பரணில் போட்டவர்கள், இந்த ஞாயிற்றுக்கிழமை ஏணி போட்டு அதை இறக்கித் தூசி தட்டட்டும். அடுத்த நாளே அதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அமைப்புகளைச் சரி பார்த்துக்கொள்ளட்டும்.